பிளீச்சிங் பவுடரின் வீரியத்தை வெயிலில் இழக்காதீர்கள்



மழைக்காலம் முடிந்ததும் குடிநீர்க் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடுவது நல்ல வழக்கம். ஆனால், "மருந்து போட்டும் வீட்டில் வயிற்றுப்போக்கு நிற்கவில்லையே" என்று சிலர் குறைப்படுவதுண்டு. இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றுள் நாம் பெரும்பாலும் கவனிக்காதது வெயில் ஆகும்.

வீரியம் எதில் உள்ளது?

நல்ல பிளீச்சிங் பவுடரில் சுமார் 33 சதவிகிதம் பயன்தரும் குளோரின் உள்ளது. இதை நீரில் கரைத்தால் ஹைப்போகுளோரைட்டும் ஹைப்போகுளோரஸ் அமிலமும் உண்டாகின்றன. கிருமிகளைக் கொல்பவை இவையே. இவ்விரண்டிலும் குளோரின் அணுவும் ஆக்சிஜன் அணுவும் இணைந்துள்ளன. இந்த இணைப்பு வலுவற்றது.

வெயில் என்ன செய்கிறது?

இரண்டு அணுக்களை இணைப்பது ஒரு ஜோடி எலக்ட்ரான்கள். ஒரே நுகத்தில் பூட்டிய இரு காளைகளைப் போல் இவற்றைக் கருதலாம். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டவுடன் நுகம் முறிகிறது. ஆளுக்கொரு காளையுடன் இரு துண்டுகளும் பிரிகின்றன. ஜோடி இழந்த இத்துண்டுகளைத் 'தனி உறுப்புகள்' என்பர். இவை அமைதியாக இருப்பதில்லை. அருகில் உள்ள இலைச்சாறு, சாணக் கசிவு போன்ற கரிமப் பொருள்களிலிருந்து ஹைட்ரஜனைப் பறித்துத் தம் ஜோடியை நிறைவு செய்துகொள்கின்றன. பறிகொடுத்த பொருள் இப்போது தனி உறுப்பாகி, அடுத்ததைத் தாக்குகிறது. முடிவில் குளோரின் பெரும்பாலும் குளோரைடு உப்பாகி விடுகிறது. குளோரைடு கிருமியைக் கொல்லாது.

குளோரின் கரைந்த நீரை வெயிலில் வைத்தால் ஆக்சிஜன் வெளிவருவதைப் பிரெஞ்சு அறிஞர் பெர்த்தோலே 1785-லேயே கண்டார். இதே இயல்பை வேதியியலார் பயனுக்கும் கொண்டு வந்துள்ளனர். டெர்ஷரி பியூட்டைல் ஹைப்போகுளோரைட் என்னும் மஞ்சள் நிறக் கரிமத் திரவத்தின் மீது ஒளி பட்டால், அது தனி உறுப்புகளாகப் பிரிந்து, பிற கரிமப் பொருள்களில் சங்கிலித் தொடராகக் குளோரினை ஏற்றுகிறது. அமெரிக்க வேதியியலார் சீவ்ஸ் வாலிங் 1960-ல் இவ்வினையை விளக்கினார். ஒளியில் விரைந்து சிதையும் என்பதால் இத்திரவத்தை இருட்டிலும் குளிர்ச்சியிலும் வைக்கின்றனர். ஆய்வுக்கூடத்தில் காட்டும் அதே எச்சரிக்கை நம் வீட்டுப் பவுடருக்கும் தேவை.

உப்புச் சுவையும் சுண்ணாம்புத் தன்மையும் மிக்க கிணறுகள் பலவற்றில் நீரின் கார அமில நிலை 7.5-க்கு மேல் இருக்கும். அத்தகைய நீரில் ஹைப்போகுளோரைட் மிகுதி. வெயிலை அதிகம் ஈர்ப்பதும் அதுவே. ஆகவே அங்கு இழப்பும் அதிகம்.

எவ்வளவு போட வேண்டும்?

கிணற்றின் விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, நீரின் ஆழத்தாலும் 0.785-ஆலும் பெருக்கினால் கன மீட்டர் கிடைக்கும். ஒரு கன மீட்டர் 1000 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் பவுடர் வேண்டும். விட்டம் 3 மீட்டர், நீர் ஆழம் 4 மீட்டர் என்றால் சுமார் 28,000 லிட்டர். அதற்கு 70 கிராம் போதும். ஆனால் பவுடர் பாதி வீரியம் இழந்திருந்தால் இதே 70 கிராம் 35 கிராமின் வேலையைத்தான் செய்யும். கலங்கிய நீருக்கு இன்னும் கூடுதலாகத் தேவைப்படும்.

செய்முறை

1. மாலையில் கடைசிக் குடம் இறைத்த பின்னரே மருந்திடவும். நண்பகலில் இட வேண்டாம்.

2. பிளாஸ்டிக் வாளியில் பவுடரைச் சிறிது நீர் விட்டுக் குழைத்து, பின் முக்கால் வாளி நீர் சேர்த்துக் கலக்கவும். ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மேல் வேண்டாம்.

3. பத்து நிமிடம் நிழலில் தெளிய விடவும். அடியில் தங்கும் சுண்ணாம்பை நீக்கித் தெளிவை மட்டும் வேறு வாளிக்கு மாற்றவும்.

4. அவ்வாளியைக் கயிற்றில் கட்டி, நீருக்குள் இறக்கி, மேலும் கீழும் அசைத்து நன்கு கலக்கவும்.

5. குறைந்தது ஒரு மணி நேரம் நீர் எடுக்கக் கூடாது. அதன்பின் குளோரின் சோதனைப் பெட்டி கொண்டு பார்க்கையில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். வாடை வருவதை மட்டும் நம்ப வேண்டாம்.

மறுநாள் வெயிலில் எஞ்சிய குளோரின் குறைந்துவிடும். எனவே வயிற்றுப்போக்கு பரவும் காலத்தில் நாள்தோறும் மருந்திட வேண்டும். ஐயமிருந்தால் நீரைக் காய்ச்சிக் குடிக்கவும்.

சேமிப்பு

பவுடரை ஒளி புகாத, இறுக மூடும் பிளாஸ்டிக் பாத்திரத்தில், குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வைக்கவும். ஒளியோடு வெப்பமும் ஈரமும் வீரியத்தைக் குறைக்கும். தேவைக்கு மேல் வாங்க வேண்டாம். தயாரித்த மாதத்தைப் பார்த்து வாங்கவும். கட்டி தட்டிய பவுடரை நம்ப வேண்டாம். யூரியா, அமோனியம் சல்பேட், அமிலம், மண்ணெண்ணெய் ஆகியவற்றின் அருகில் வைக்கவே கூடாது. இவற்றுடன் கலந்தால் நச்சு வாயுவோ தீயோ வெடியோ உண்டாகலாம். குழந்தைகளின் கைக்கு எட்டாமலும் வைக்கவும்.

காசு கொடுத்து வாங்கிய மருந்து வெயிலுக்கு இரையாகாமல், குடும்பத்தின் நலனுக்குப் பயன்பட வேண்டும். இருட்டில் வைத்து, மாலையில் இட்டு, சோதித்துப் பார்த்துப் பருகிப் பயன் பெறுவீர்களாக.