லுட்டாப்பி கடித்தால்

அன்புள்ள மாப்ளே,

நீ நோட்டில் வரைந்த ஜாம்பி காமிக்ஸை உன் அம்மா போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். கீழே ஒரு வரி: "பையன் கெட்டுப்போறான், கொஞ்சம் கண்டிச்சு எழுதுண்ணா." பார்த்தேன். பாலரமா படக்கதையின் லுட்டாப்பி குந்தத்தில் பறந்து வந்து டாகினியின் கழுத்தைக் கடிக்கிறான். டாம், ஜெர்ரியின் தலையைப் பிய்த்து எறிகிறது. போபனும் மோளியும் பஞ்சாயத்து ஆபீஸையே ரத்தக்காடாக்கி விடுகிறார்கள். கண்டிக்கத்தான் போகிறேன், ஆனால் அம்மா சொல்லும் காரணத்துக்காக இல்லை.

அம்மாவின் பயம் புதிதல்ல. 1954-ல் அமெரிக்காவில் ஃபிரெடரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று ஒரு புத்தகமே எழுதினார். நாடே கொதித்தது. அரசாங்கம் கை வைப்பதற்குள் பதிப்பாளர்களே தங்களுக்கு ஒரு கட்டுப்பாட்டு விதி எழுதிக்கொண்டார்கள். அதில் ரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதன் இவற்றோடு எழுந்து நடக்கும் பிணத்துக்கும் தடை. இரண்டே வருஷத்தில், 1956-ல், நம் நாடாளுமன்றமும் பிள்ளைகளைக் கெடுக்கும் வெளியீடுகளுக்கு எதிராக ஒரு சட்டம் போட்டது. இருபது வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் கெடுக்கக்கூடிய, கொடூரமும் அருவருப்பும் நிறைந்த படக்கதைகளை விற்றால் வழக்கு. அதைக் காட்டி உன்னை மிரட்டப் போவதில்லை.

அமெரிக்க விதியை எழுதிய பதிப்பாளர் சங்கத்தின் தலைவர் ஜான் கோல்ட்வாட்டர். ஆர்ச்சி காமிக்ஸ் அவருடைய கம்பெனி. போன வருஷம் நீ பார்த்ததாகச் சொன்ன 'தி ஆர்ச்சிஸ்' படத்தின் அதே ஆர்ச்சி; ஐஸ்கிரீம், டேட்டிங், பள்ளிக்கூட நடனம் என்று 1941-லிருந்து வயசே ஏறாமல் திரிகிற பையன். மற்ற பெரிய பதிப்பாளர்கள் ஒவ்வொருவராக விதியைக் கைகழுவிய பிறகும் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு கம்பெனிகளில் ஆர்ச்சி ஒன்று. 2011-ல்தான் விட்டது. விட்டதும் என்ன செய்தது தெரியுமா? 2013-ல் தன் சொந்தப் பிள்ளைகளையே ஜாம்பிகளுக்கு இரையாகப் போட்டது! 'ஆஃப்டர்லைஃப் வித் ஆர்ச்சி' என்று பெயர். எழுதியவர் ராபர்ட்டோ அகிர்ரே-சகாசா, வரைந்தவர் ஃபிரான்செஸ்கோ ஃபிரான்காவில்லா. கொஞ்சம் பெரியவனானதும் படி. கறுப்பும் ஆரஞ்சும் கலந்து அவர் போடும் ராத்திரிகளுக்காகவே படிக்கலாம்.

அதன் தொடக்கத்தை மட்டும் சொல்கிறேன். ஆர்ச்சியின் நண்பன் ஜக்ஹெட் ஆசையாக வளர்க்கும் நாய் காரில் அடிபட்டுச் செத்துப்போகிறது. அவன் அதைத் தூக்கிக்கொண்டு மந்திரம் தெரிந்த சப்ரினாவிடம் ஓடுகிறான். அவள் மனசு கேட்காமல் செய்யக்கூடாத மந்திரத்தைச் செய்கிறாள். நாய் திரும்பி வருகிறது, எஜமானனையே கடிக்கிறது. ஊரின் முதல் ஜாம்பி ஜக்ஹெட். ஏன் அவன்? எழுபது வருஷமாக அந்தக் காமிக்ஸில் பர்கரை விட்டு வாயெடுக்காத தீனிப்பண்டாரம் அவன்தான். பசிக்கென்றே பிறந்தவனுக்குப் பசி மட்டும் மிஞ்சுகிறது. வாசகனுக்குச் சிரிப்பும் வருகிறது, வயிற்றையும் கலக்குகிறது. இத்தனைக்கும் ரத்தம் அதிகம் சிந்தியிருக்காது.

இப்போது உன் நோட்டுக்கு வா. முதல் பக்கத்திலேயே மூன்று தலை உருள்கிறது. நாலாம் பக்கம் வரும்போது எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. டாம் அண்ட் ஜெர்ரியில் டாம் மேல் இரும்பு விழும், அப்பளமாக நசுங்கும், அடுத்த காட்சியில் முழுசாக எழுந்து ஓடும். அந்த உலகத்தில் யாரும் செத்தே கிடப்பதில்லை. ஜாம்பிக் கதையிலும் அப்படித்தான், எல்லாரும் எழுந்து வருகிறார்கள். ஆனால் அங்கே எழுந்து வருவது பழைய ஆள் இல்லை. கார்ட்டூனையும் ஜாம்பியையும் கட்டிவைத்தால் வேலை செய்வது இந்த ஒரே இடத்தில்தான். டாம் நசுங்க வேண்டும், வழக்கம்போல எழ வேண்டும், ஜெர்ரியும் வழக்கம்போல நாக்கைத் துருத்திக் காட்ட வேண்டும். டாம் இந்தமுறை துரத்தவில்லை, சும்மா பார்க்கிறது. அந்தக் கட்டத்தை நீ வரைந்தால் தலையைப் பிய்க்கும் வேலையே மிச்சம்.

போபனும் மோளியும் விஷயத்தில் எனக்குக் கோபமே வந்தது. நாய் எங்கே? கார்ட்டூனிஸ்ட் டாம்ஸ் வரைந்த அந்தக் கதையில் யாரும் கூப்பிடாமலே கட்டத்துக்குக் கட்டம் வந்து நிற்கும் குட்டி நாய்! மனோரமா வார இதழைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கும் பழக்கமே அந்தப் பிள்ளைகளால் வந்தது. நாய் இன்று என்ன சேட்டை செய்கிறது என்று தேடுவது அதில் பாதி ருசி. அதை மறந்துவிட்டு நையாண்டி பண்ணுகிறேன் என்றால் எப்படி? முதல் பக்கம் நாயைச் சரியாக வரை. இரண்டாம் பக்கம் அது இருக்கக்கூடாது. மூன்றாம் பக்கம் மூலையில், யாரும் கவனிக்காத இடத்தில், அது வேறு மாதிரி நிற்கட்டும்.

1954-லேயே 'மேட்' பத்திரிகையில் ஹார்வி குர்ட்ஸ்மன் எழுத, வில் எல்டர் வரைய, ஆர்ச்சியை நையாண்டி செய்தார்கள். எல்டரின் கோடு அச்சு அசல் ஆர்ச்சிக் கோடு. அதனால்தான் உள்ளே இருக்கும் விஷம் ஏறியது. உன் லுட்டாப்பிக்குக் கொம்பு இல்லையென்றால் எனக்கு அவன் யாரோ ஒருவன். பழைய பாலரமாவை எதிரில் வைத்து, நிஜ லுட்டாப்பியை அச்சு அசலாக வரும்வரை வரை. பல்லை அப்புறம் மாட்டலாம்.

கடைசிப் பக்கங்களைப் பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்ல வேண்டும். அட்டப்பாடியின் மல்லீஸ்வரன் முடியிலிருந்து இலை கட்டிய ஜாம்பிக் கூட்டம் ஈட்டியோடு அகளிக்கு இறங்கி வருகிறது. இது உன் கற்பனை இல்லை மாப்ளே, அச்சில் வந்ததைப் பார்த்து வந்த பழக்கம். 1936-ல் தொடங்கிய ஃபேண்டம் படக்கதையிலும் காட்டுக்குள் வெள்ளைக்கார வீரனைக் கும்பிடும் குள்ள மனிதர்கள் உண்டு. உன் வகுப்பில் இருளர், முடுகர், குறும்பர் என்று மலைக்காரப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த நோட்டு அவர்கள் கைக்கும் போகும்.

ஜாம்பி என்பதே ஹைத்தியின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்களின் பயத்திலிருந்து வந்தது. செத்தாலும் எழுப்பி வேலை வாங்குவார்களோ என்ற பயம். மனிதனைத் தின்னும் கூட்டமாக அதை மாற்றியது 1968-ல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த படம். ஆக ஜாம்பி யார் என்று முடிவு செய்வதில் ஒரு அரசியல் இருக்கிறது. அட்டப்பாடியில் ஒரு காலத்தில் பெரும்பான்மை மலைக்காரர்கள்தான், இன்று பாதிக்கும் கீழே. கைமாறிய அவர்கள் நிலத்தை மீட்டுக் கொடுக்க 1975-லேயே கேரளத்தில் சட்டம் வந்தது. பிடுங்கியது அத்தனையும் இன்னும் திரும்பவில்லை. நம் தாத்தாவும் கோயமுத்தூர்ப் பக்கமிருந்து மலையேறியவர்தான். தின்கிற கூட்டம் எந்தத் திசையிலிருந்து வரவேண்டும் என்று நீயே யோசி. ஆனைகட்டி ரோட்டிலிருந்து ஏறி வந்தால் கதை இன்னும் பயங்கரமாக இருக்கும். 'மிருதன்' ஜாம்பிப் படத்தில் ஊட்டியில் நடந்ததை எடுத்து இங்கே ஒட்டாதே, அதை எல்லாரும் பார்த்தாயிற்று.

உனக்குப் பிணம்தான் வேண்டுமென்றால் உள்ளூர்ச் சரக்கே இருக்கிறது. அம்புலிமாமாவில் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தன்: கையில் வாள், தோளில் பிணம், அதற்குள் வேதாளம். வெளிநாட்டுப் பிணம் மூளையைத் தின்னும்; நம்முடையது மூளைக்கு வேலை கொடுக்கும். விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை சுக்குநூறு! லுட்டாப்பி கடிப்பதற்கு முன் ஒரு விடுகதை போடட்டுமே?

அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நோட்டைக் கிழிக்க மாட்டாள். ஆனால் சின்னவளுக்கு இதைக் காட்டாதே, அவள் ராத்திரி தூங்க மாட்டாள். பென்சிலில் முதலில் கட்டங்களை மட்டும் போட்டு எனக்கு அனுப்பு, மைக்கு அவசரமில்லை. கறுப்பு இங்க்கும் இரண்டு நிப்பும் வாங்கி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை உன் அப்பா டவுனுக்கு வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
மாமா