தோலே எலும்பான படகு: இழுப்பதைப் பற்றிய சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

பழவேற்காட்டுக் கடலோரத்திலே, லைட்ஹவுஸ் குப்பம், கோரைக்குப்பம், கூனங்குப்பம் முதலிய ஊர்களின் மணற்பரப்பில், ஐப்பசி கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்த நாளில் போய் நிற்பவர்களுக்கு ஒரு காட்சி தவறாமல் கிடைக்கும். முப்பது நாற்பது பேர் ஒரு வடத்தைப் பற்றியோ, வாடகைக்கு வந்த டிராக்டர் ஒன்றை முன்னே நிறுத்தியோ, அலைக்கு எட்டாத மேட்டை நோக்கி ஃபைபர் படகுகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கொண்டிருப்பார்கள். 2016 டிசம்பர் 12ஆம் தேதி சென்னைக்கு அருகே கரையேறிய வர்தா புயலை மறவாத ஊர்களில் இந்த அவசரத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், புயல் செய்யாத சேதத்தைச் சில சமயம் வடம் செய்துவிடுகிறது என்பதும், அதற்குக் காரணம் இழுப்பவர்களின் பலக்குறைவன்று, இழுப்பைப் பற்றி அவர்கள் மனத்தில் ஊன்றிப்போன சில அபிப்பிராயங்களே என்பதும் நான் பிரத்தியட்சமாகக் கண்ட விஷயங்கள்.

அவற்றுள் மூத்தது, ‘ஃபைபருக்கு அழிவே கிடையாது’ என்பது. இந்த எண்ணம் பிறந்த வழி சுலபமாக விளங்கக்கூடியதே. கட்டுமரம் நீரில் ஊறும். ஊறியதை உலர்த்த வேண்டும். ஆகையால் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே பிரித்துத் தோளில் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் போட்டுவிடுவார்கள். முழுக் கலத்தையும் மணலில் இழுக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் நேர்ந்ததில்லை. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் ஏராளமாக வந்திறங்கியபோது, ஊறாத, உளுக்காத, செல்லரிக்காத இந்தப் பொருளை மீனவர்கள் ஒரு வரப்பிரசாதமாகவே ஏற்றுக்கொண்டார்கள். உளுக்காது என்பது மெய்தான். தேயாது என்பது மெய்யன்று.

ஃபைபர் என்பது கண்ணாடி நாரால் ஆன பாயைப் பிசினில் தோய்த்து, அச்சின்மேல் அடுக்கடுக்காகப் படிய வைத்த உடல். வெளியே பளபளவென்று நிறங்காட்டும் ஜெல்கோட் என்னும் மேற்பூச்சோ ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனமுள்ளது. கடற்கரை மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கண்ணாடியைவிடக் கடினமான கல் அது. ஆகவே படகை மணலில் இழுப்பதென்றால், அதன் அடிவயிற்றை உப்புத்தாளில் தேய்ப்பது போலத்தான். ஏரா என்னும் அடிமுதுகின் பூச்சு போய், உள்ளிருக்கும் நார் நரைமயிர் போல எட்டிப் பார்க்கத் தொடங்கியதும், விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவது போல அந்த நார் வழியே ஜலம் உள்ளே ஏறுகிறது. ஏறி, அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையிலுள்ள பிடிப்பைத் தளர்த்துகிறது. பனந்துண்டு உருளைகளோ, தடித்த பிளாஸ்டிக் குழாய்களோ அடியில் வைத்து, பின்னே விட்டதை எடுத்து முன்னே போட்டுக்கொண்டு உருட்டிச் செல்வதும், ஏராவின் அடியில் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு மரச்சட்டத்தைப் பொருத்தி வைப்பதும் செலவு குறைந்த உபாயங்கள். நாலு உருளை போதும் என்று நினைக்கிறவர்கள், அந்த நாலு இடத்தில் மட்டும் படகின் முழுப்பாரமும் குத்தும் என்பதை யோசிக்க வேண்டும்.

இனி, வடத்தை எங்கே கட்டுவது என்னும் கேள்வி. ‘அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், வளையம் இருக்கிறதே, அது எதற்கு?’ என்று கேட்பார்கள். இதற்கு ஒரு காரை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1953ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் கார்வெட் என்ற விளையாட்டுக் காரை ஃபைபர் உடலோடு செய்து விற்றார்கள். முதல் வருஷத்தில் முந்நூறு வண்டிகள்தாம். தரையோடு தரையாகப் பதுங்கிய அந்தக் காரை இழுக்க வேண்டுமானால், விவரம் தெரிந்தவன் அதன் அழகிய ஃபைபர் முகத்தைத் தொடமாட்டான். குனிந்து, உள்ளே மறைந்திருக்கும் எஃகுச் சட்டத்தில்தான் கொக்கியை மாட்டுவான். நம் படகுக்கோ அப்படிப்பட்ட எஃகுச் சட்டம் எதுவும் இல்லை. அதற்குத் தோலே எலும்பு. அணியத்து வளையத்துக்குப் பின்னால் தடித்த மரக்கட்டையோ, அகன்ற தகடோ வைத்துப் பாரத்தைப் பரப்பியிருந்தால் அது தாங்கும். வெறும் ஃபைபரில் இரண்டு போல்ட்டை முறுக்கியிருந்தால், அது படகை அலங்கரிக்கத்தான் உதவும். நிவாரணத்தில் வந்த படகுகள் எல்லாம் ஒரே தரத்தவையாக இருக்கவில்லை என்பதைக் கடற்கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஒருமுறை நானும் வடத்தைப் பிடிக்கப் போனேன். உதவி என்று சொல்லிக்கொண்டேனேயன்றி, இடைஞ்சல் என்பதே பொருத்தம். டிராக்டர் ஓர் உலுக்கு உலுக்கியதும் வளையம், அதைப் பிடித்திருந்த கையகல ஃபைபர் துண்டோடு பிய்த்துக்கொண்டு எங்கள் தலைக்கு மேலே விசிறிப் போயிற்று. பக்கத்தில் நின்ற பெரியவர் என் தோளைப் பிடித்து இழுத்து, “கயித்து நேர்ல நிக்காதீங்க சார், ஓரமா வாங்க” என்றார். அத்தனை பேரும் அதே கயிற்று நேரில்தான் நின்றிருந்தோம்.

அந்தப் பிழை டிராக்டரின் பலத்தினுடையதன்று, உலுக்கலினுடையது. நிதானமாக இழுத்தால் வருகிற படகுக்குத் தொய்ந்த கயிற்றைச் சட்டென்று விறைக்கச் செய்யும் ஒரு வெட்டிழுப்பு, பாரத்தைப் பல மடங்காக்கிவிடும். நைலான் கயிறு தன் நீளத்தில் கால் பங்கும் அதற்கு மேலும் நீண்டு கொடுப்பதால் அதிர்ச்சியை விழுங்கிக்கொள்ளும் என்பது உண்மை. நீண்ட அளவுக்குச் சக்தியைச் சேமித்து வைத்து, அறுந்தால் சாட்டையாகத் திரும்பும் என்பதும் அவ்வளவே உண்மை. வடத்தை அணியத்தோடு நிறுத்தாமல், படகைச் சுற்றி ஒரு மாலை போல விட்டு, உட்புறக் குறுக்குச் சட்டங்களில் பிணைத்து, ஏராவின் திசையிலேயே இழுப்பதுதான் பழைய கைகாரர்களின் முறை. கயிறு விளிம்பை அறுக்காதபடி இடையில் சாக்கோ, கிழிந்த டியூபோ செருகினால் போதும்.

இழுக்குமுன் படகினுள்ளே கிடக்கும் தண்ணீரை இறைப்பது வீண் என்பாருக்கு ஒரு கணக்கு: இருபது குடம் தண்ணீர், குடத்துக்குப் பதினைந்து லிட்டரென்றால், முந்நூறு கிலோ.

கடலில் இன்ஜின் நின்றுபோன படகை இன்னொரு படகு கட்டி இழுத்து வருவது வேறு வித்தை. ‘கயிறு குறுகினால் பிடி இறுகும்’ என்னும் நம்பிக்கை இங்கேதான் மிகவும் அபாயகரமானது. முன்படகு அலையின் முகட்டில் ஏறும்போது பின்படகு பள்ளத்தில் இறங்குமானால், கயிறு ஒரு கணம் தொய்ந்து மறுகணம் விறைக்கும். அலைக்கு அலை ஓர் உலுக்கு. இரண்டும் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கும்படி கயிற்றை நீளமாக விட்டு, பார்த்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். இழுக்கிற படகில் இருபக்கமும் பிரிந்து வரும் இரட்டைக் கயிற்றை, இன்ஜினுக்குச் சற்று முன்பாகவே பிணைத்தால்தான் அது திரும்ப முடியும். இழுபடும் படகில் வலை, ஐஸ்பெட்டி, ஆட்கள் எல்லாம் பின்புறம் போனால் அணியம் நிமிர்ந்து நேரே வரும். முன்னே குவிந்தால் மூக்கை நீரில் குத்தி, இப்படியும் அப்படியும் அலைபாயும். ஒருவர் கையில் துடுப்பும் இடுப்பில் கூர்மையான கத்தியும் இருக்க வேண்டும். கத்தி மீனுக்கல்ல, கயிற்றுக்கு.

இழுத்து வரும் படகு ஏரிக்குள் நுழைய வேண்டிய முகத்துவாரத்தைப் பற்றிய பிரமை இன்னும் விபரீதமானது. ஆரணியாறும் காளங்கியும் மழைநீரைப் பழவேற்காடு ஏரியில் கொட்டி, அந்த நீர் முகத்துவாரம் வழியே கடலை நோக்கிப் பாயும்போது, ‘வெளியே ஓடும் தண்ணீர் அலையை அமுக்கிவிடும், அப்போது நுழைவதே உத்தமம்’ என்று வாலிபர்கள் சிலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. எதிரே ஓடும் நீரில் மோதிய அலை குறுகி, செங்குத்தாக நிமிர்ந்து, மணல்திட்டின்மேல் உடைகிறது. கடல் உள்ளே ஏறும் நேரத்தில், அல்லது நீர் இருபுறமும் ஓடாமல் சற்றே நிற்கும் வேளையில் அதே வாய் எவ்வளவு சாந்தமாக இருக்கிறதென்று பார்த்தால், காத்திருந்தவனின் பொறுமை விளங்கும். பின்னலையில் ஏறிய இழுபடகு முன்படகின்மேல் சரிந்து வருவதுண்டு. பழைய வலைப்பொதி ஒன்றைக் கயிற்றில் கட்டிப் பின்னே தண்ணீரில் விட்டால், அதன் இழுவையில் அந்த ஓட்டம் அடங்கும். இழுப்புக்குத் தேவைப்படாதவர்களை முன்பே மற்றப் படகில் ஏற்றிவிட்டு, எல்லோரும் மிதவைச் சட்டை அணிந்திருப்பது நலம்.

உள்ளே வந்துவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்பதும் சரியில்லை. சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே உள்ள ஏரி இது. நீண்ட கயிறு கடலில் பாதுகாப்பு. இங்கே அதுவே இழுபடகை வழியிலிருந்து விலக்கிச் சிப்பிப்படுகையில் கொண்டு போய்ச் சேர்க்கும். அலையில்லாத நீரில் கயிற்றைக் குறுக்கி, முடிந்தால் பக்கத்தோடு பக்கமாகக் கட்டி, நடுவே டயர் விட்டு ஓட்டி வருவதுதான் முறை.

வளையம் பிய்ந்த அந்தப் படகை மறுவாரம் ஒரு பூவரச மரத்தின் நிழலில் பார்த்தேன். துளையை மட்டும் அடைத்துவிட்டு இறக்கிவிடலாம் என்று சொந்தக்காரர் அவசரப்பட, பெரியவர் சட்டைப்பையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்து, துளையைச் சுற்றிச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போனார். டக், டக், டக் என்று கணீரென ஒலித்துக்கொண்டு வந்தது, ஏராவுக்கு மேலே ஓரிடத்தில் மட்டும், ஈரச்சுவரைத் தட்டினாற்போல, ‘தொப்’ என்றது. அவர் ஒன்றும் சொல்லாமல் அடுப்புக்கரியால் அங்கே ஒரு வட்டம் போட்டார். அந்த வட்டம் துளையைவிட மூன்று மடங்கு பெரிதாக இருந்தது.