இரு கைகளிலும் இரத்த அழுத்தம் பார்ப்போம்

பாசன வாய்க்கால் இரு வகையில் அடைபடும். நீரோடு வந்த வண்டல் படிந்து தூர்ந்து போவது ஒரு வகை. கரையே ஊறிப் பருத்து வழியைக் குறுக்குவது மற்றொரு வகை. நம் உடலின் இரத்தக் குழாய்களுக்கும் இவ்விரு கேடுகளும் நேர்கின்றன. குழாயில் கொழுப்புப் படிவதைப் பலரும் அறிவர். குழாயின் சுவரே அழற்சியுற்றுத் தடித்துப் போகும் நோயைச் சிலரே அறிவர். பின்னது வந்தோர்க்கு முன்னதும் விரைந்து வரக்கூடும் என்பதே இங்கு நாம் கற்க வேண்டிய பாடமாகும்.

இவ்வகை நோய்களுள் ஒன்று தகாயாசு நோய். ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிட்டோ தகாயாசு, 1908-ஆம் ஆண்டில் ஓர் இளம்பெண்ணின் கண்ணில் கண்ட மாறுதல்களை எடுத்துரைத்தார். அவர் பெயரே நோய்க்கும் வழங்கலாயிற்று. இது அரிய நோயே. ஆயினும் இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளில் மிகுதியாகக் காணப்படுகிறது. பெரும்பாலும் 40 வயதுக்கு உட்பட்ட பெண்களையே பற்றுகிறது.

நாற்று நடும் 30 வயதுப் பெண் ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். சிறிது நேரம் வேலை செய்ததும் ஒரு கை ஓய்ந்துவிடுகிறது, தலை சுற்றுகிறது. வேலைக் களைப்பு என்று வீட்டார் விட்டுவிடுகின்றனர். முகாமில் அந்தக் கையிலேயே அழுத்தம் பார்த்து, குறைவு என்கின்றனர். அக்கைக்குச் செல்லும் குழாய் குறுகியமையால் வந்த குறைவு அது. சிறுநீரகத்துக்குச் செல்லும் குழாயும் சுருங்கியிருப்பின், பிற பகுதிகளில் அழுத்தம் மிகுந்து இதயத்தையும் மூளையையும் தாக்கிக்கொண்டிருக்கும். ஆதலின் இரு கைகளிலும் அளத்தல் இன்றியமையாதது. மேல் அளவில் 10 புள்ளிக்கு மேல் வேறுபாடு இருப்பினும், ஒரு கையில் நாடி தளர்ந்திருப்பினும் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். இரு கைகளிலும் குழாய் குறுகியிருப்பின் மருத்துவர் காலில் அளந்து பார்ப்பார்.

நோய் உறுதியானபின் செய்ய வேண்டுவன யாவை? அழற்சியைத் தணிக்க ஸ்டீராய்டு மாத்திரை தரப்படுகிறது. நெடுநாள் உண்ணுங்கால் அது சர்க்கரையையும் அழுத்தத்தையும் உடல் எடையையும் உயர்த்தக்கூடும். அதற்கஞ்சி மாத்திரையைத் தாமே திடீரென நிறுத்துதல் பேராபத்து. அளவைக் குறைப்பது மருத்துவரின் பொறுப்பு. நோயாளியும் குடும்பத்தாரும் செய்யத்தக்கவை இவை:

1. அழுத்த மருந்தை விடாது உண்ணல்.
2. சர்க்கரையையும் கொழுப்பையும் மருத்துவர் கூறிய காலத்தில் சோதித்தல்.
3. ஊறுகாய், கருவாடு, அப்பளம் ஆகியவற்றைக் குறைத்தல்.
4. வெற்றிலையோடு மெல்லும் புகையிலையையும் விலக்கல். வீட்டினுள் எவரும் பீடி புகையாதிருத்தல்.

தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டு 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது அழுத்தம் பார்க்கும் கருவி வீட்டு வாயிலுக்கே வந்தது. எனினும் முதியோர்க்கே அது தேவை என்னும் எண்ணம் நம்மிடையே நீங்கவில்லை. ஊராட்சி உறுப்பினர்களே! அடுத்த முகாமில் இளம்பெண்களையும் வரிசையில் நிற்கச் செய்யுங்கள். "மற்றக் கையிலும் பாருங்கள்" என்று கேளுங்கள். அதற்குச் செலவு ஏதுமில்லை. சில நிமிடங்கள் போதும்.