டோன் குமிழுக்குள் ஒரு மின்தேக்கி

மின்தேக்கியின் மின்மறுப்பு 1/2πfC என்று பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் பிழையின்றி எழுதுவார்கள். அந்த f மாறினால் காதில் என்ன மாறும் என்று கேட்டால் விழிப்பார்கள். கோயில் கொடைக்கு வரும் மைக் செட்டில் ‘டோன்’ குமிழைத் திருகிப் பார்க்காத பிள்ளைகள் எங்கள் பக்கம் குறைவு. பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.

இயர்போன் துளையுள்ள பழைய செல்போன் ஒன்று போதும். அதன் இடது ஒலித்தடத்தை மட்டும் 1 கிலோ ஓம் மின்தடை வழியாகக் கணினி ஸ்பீக்கரின் உள்ளீட்டுக்குக் கொடுங்கள். மின்தடையும் ஸ்பீக்கரும் சேரும் இடத்திலிருந்து 10 கிலோ ஓம் பாட், அதையடுத்து 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி. அதன் மறுமுனை தரைக்கம்பிக்கு. மின்தேக்கியின் மேல் 104 என்று அச்சிட்டிருக்கும். பாட்டின் நடுக்காலும் ஓர் ஓரக்காலும் போதும். வீட்டு மின்சாரத்தில் ஓடும் ஆம்ப்ளிபையரைத் திறந்து இதைச் செய்ய வேண்டாம்.

பாட் முழு மின்தடையில் இருக்கும்போது ஒலி ஏறத்தாழ மாறாது. சுழிக்குக் கொண்டுவந்தால் 200 ஹெர்ட்சில் மின்மறுப்பு சுமார் 7960 ஓம். 4000 ஹெர்ட்சில் 398 ஓம்தான். கனத்த ஒலி ஸ்பீக்கருக்குப் போகிறது, கூர்மையான ஒலி தரைக்கு ஒழுகிவிடுகிறது. எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டால் பலர் 398-ஐ 1398-ஆல் வகுப்பார்கள். இரண்டுக்கும் 90° கட்ட வேறுபாடு இருப்பதால் பிதாகரஸ் வழியில்தான் கூட்ட வேண்டும்: மொத்தம் 1076 ஓம், மிஞ்சுவது 37 விழுக்காடு. 200 ஹெர்ட்சில் 99 விழுக்காடு. இந்த ஒரு கணக்குக்காகவே செய்முறை தகும்.

சாதாரண பாட்டில் மாற்றமெல்லாம் கடைசிச் சிறு திருப்பத்திலேயே நிகழ்ந்துவிடும். கடையில் லாக் பாட் என்று கேட்டு வாங்கி, திருப்பம் முழுவதும் மாற்றம் பரவும்படி ஓரக்காலைத் தேர்ந்தெடுங்கள்.

இனித் தமிழாசிரியரையும் அழையுங்கள். இசை, இடை, பசை, பகை, ஆசை, ஆடை போன்ற சொற்களைச் செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். மின்தேக்கியை 0.22 மைக்ரோ ஃபாரடுக்கு (224) மாற்றினால் 4000 ஹெர்ட்சில் 18 விழுக்காடே மிஞ்சும். மின்விசிறி ஓட, ஒலியைத் தாழ்த்தி, குமிழின் இரு முனைகளிலும் சொல்வதை எழுதச் சொல்லுங்கள். உயிரொலிகளின் வலு பெரும்பாலும் 3000 ஹெர்ட்சுக்குக் கீழே; ‘ஸ்’ என ஒலிக்கும் சகரத்தின் சீறலோ அதற்கு மேலே. எங்கள் வகுப்பில் திருத்தங்கள் மெய்யெழுத்துகளில்தான் விழுந்தன, அதுவும் பின்வரிசைத் தாள்களில் கூடுதலாக. காலை வணக்கக் கூட்டத்தில் கடைசியில் நிற்கும் பிள்ளைக்கு அறிவிப்பு எப்படிக் கேட்கும் என்பதை அந்தத் தாள்களே காட்டிவிடும். பள்ளி ஒலிபெருக்கியில் டோன் குமிழ் எங்கே நிற்க வேண்டும் என்று மாணவர்களே முடிவு செய்து, அந்த இடத்தில் வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு போடட்டும்.