கிராஞ்சிக்குப் போகலாமா?

கேள்வி: நவம்பரில் சிங்கப்பூரில் இருக்கும் மகனிடம் போகிறேன். அங்கே கிராஞ்சி போர் நினைவிடத்தில் நடக்கும் நினைவு நிகழ்வுக்கு நம்மவர்கள் போகலாமா?
– வாசகர், வரிப்பத்தான்சேனை

பதில்: தாராளமாகப் போகலாம். நவம்பர் இரண்டாம் ஞாயிறு காலையிலேயே அது தொடங்கிவிடும். நேரத்தையும் நுழைவு ஏற்பாட்டையும் பிரித்தானிய உயர்ஸ்தானிகராலயத்தில் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளும்படி மகனிடம் சொல்லுங்கள். கிராஞ்சி ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம்.

அது வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமான இடமல்ல. போரில் இறந்து, கல்லறை எதுவென்று அறியப்படாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்குள்ள சுவர்களில் படைப்பிரிவு வாரியாகச் செதுக்கப்பட்டுள்ளன. பிரித்தானிய இந்தியப் படையின் பகுதியில் நின்று வாசித்தால் கான், முகம்மது, சிங், ராம் என்று வரிசையாக வரும். உறவினர் யாரையாவது தேடுவதென்றால், பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள். எந்தத் தூண் என்பதுவரை காட்டும்.

நிகழ்வில் எக்காளம் ஊதியதும் இரண்டு நிமிட மௌனம். கைபேசியை முன்பே அணைத்துவிடுங்கள். மலர்வளையம் வைக்க வேண்டும், சிவப்புப் பொப்பி மலர் குத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அடக்கமான உடையில் அமைதியாக நின்றாலே போதும். கல்லறைகளுக்கு இடையே மேட்டில் ஏற வேண்டியிருக்கும். முழங்கால் வலி உள்ளவரென்றால் மகனையும் கூட்டிப் போங்கள்.