கோப்புக்கும் முகவரி உண்டு

கட்டுரையை ஒப்படைக்க வேண்டிய நாள். கணினித் திரையில் ‘கட்டுரை’, ‘கட்டுரை புதியது’, ‘கட்டுரை இறுதி’, ‘கட்டுரை இறுதி 2’ என நான்கு கோப்புகள் உள்ளன. இவற்றுள் எதை ஆசிரியருக்கு அனுப்புவது? அவசரத்தில் பழைய கோப்பை அனுப்பிவிட்டால், பல நாள் உழைப்பு வீணாகிவிடும். மாணவர் பலர் எதிர்நோக்கும் இச்சிக்கலைத் தவிர்க்கக் கோப்புறைகளை முறையாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள வேண்டும்.

தொடக்கத்தில் எல்லாக் கணினிகளிலும் கோப்புறை வசதி இருக்கவில்லை. 1981இல் வெளிவந்த எம்எஸ்-டாஸ் இயங்குதளத்தின் முதல் பதிப்பில், ஒரு வட்டில் உள்ள எல்லாக் கோப்புகளும் ஒரே பட்டியலில் இருந்தன. அக்கால நெகிழ்வட்டில் சில கோப்புகளே அடங்கியதால் அது போதுமானதாக இருந்தது. அதிகக் கொள்ளளவு கொண்ட வன்தட்டுகள் வந்தபோது அந்தப் பட்டியல் நீண்டு, தேடுவது கடினமாகும் நிலை உருவானது. ஆகவே, 1983இல் வந்த இரண்டாம் பதிப்பில், ஒரு கோப்புறைக்குள் மற்றொரு கோப்புறையை வைக்கும் வசதி சேர்க்கப்பட்டது.

இவ்வமைப்பை நம் அடுக்குமாடி வீட்டு முகவரியோடு ஒப்பிடலாம். ஒரு வீட்டைத் தேடிச் செல்பவர் முதலில் சாலையையும், பிறகு புளோக்கையும், அதன்பின் மாடியையும், இறுதியில் வீட்டு எண்ணையும் பார்க்கிறார். அவ்வாறே ‘ஆவணங்கள் > உயர்நிலை 3 > தமிழ் > கட்டுரைகள்’ என்பது ஒரு கோப்பின் முகவரி. இதனைப் ‘பாதை’ என்பர். கோப்பு மேலாளரின் மேற்பகுதியில் உள்ள முகவரிப் பட்டையில் இப்பாதையைக் காணலாம். 2007இல் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா முதல், அப்பாதையில் உள்ள எந்தப் பெயரைச் சொடுக்கினாலும் அந்தக் கோப்புறைக்கு நேராகச் செல்ல முடிகிறது.

விரைவாகச் செல்ல வேறு வழிகளும் உள்ளன. விண்டோஸ் கணினியில் ‘ஆல்ட்’ விசையுடன் மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினால், ஒரு படி மேலே உள்ள கோப்புறை திறக்கும். அதே விசையுடன் இடப்பக்க அம்புக்குறியை அழுத்தினால், முன்பு பார்த்த இடத்திற்குத் திரும்பலாம். பட்டியலில் கோப்புப் பெயரின் முதல் எழுத்தைத் தட்டினால், அவ்வெழுத்தில் தொடங்கும் கோப்புக்குத் தாவலாம். அடிக்கடி பயன்படுத்தும் கோப்புறையை இடப்பக்கப் பகுதியில் நிலையாகப் பொருத்தியும் வைக்கலாம்.

எனினும், கோப்புறைகளை ஒழுங்காக அமைக்காவிட்டால் இவ்வசதிகளால் பெரும்பயன் இல்லை. எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் குவித்தால் நீண்ட பட்டியலைப் புரட்ட வேண்டியிருக்கும். கோப்புறைக்குள் கோப்புறையாக அடுக்கிக்கொண்டே போனால், பல முறை சொடுக்கிய பிறகே கோப்பை அடைய முடியும். ஆண்டு, பாடம், பணி என மூன்று அல்லது நான்கு படிகள் மாணவர்க்குப் போதும்.

பெயரிடுவதிலும் கவனம் தேவை. ‘இறுதி’ என்ற சொல் மறுநாளே பொருந்தாமல் போகலாம். தேதி அவ்வாறு மாறுவதில்லை. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் ‘2025-03-07 கட்டுரை’ என்று பெயரிட்டால், பெயர் வரிசையே கால வரிசையாகவும் அமையும். நாளை முதலில் எழுதினால் வெவ்வேறு மாதக் கோப்புகள் கலந்துவிடும்.

“தேடல் வசதி இருக்கும்போது கோப்புறைகள் எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். கோப்பின் பெயரோ அதிலுள்ள ஒரு சொல்லோ நினைவில் இருந்தால் தேடல் உதவும். எனினும், ஒரே பெயரில் மூன்று கோப்புகள் கிடைத்தால், எது நமக்குத் தேவையானது என்பதைத் தேடல் சொல்லாது. அவை எந்தக் கோப்புறையில் உள்ளன என்பதைக் கொண்டே நாம் முடிவு செய்ய வேண்டும்.

ஆகவே, புதிய கோப்பைச் சேமிக்கும்போது ஒரு நொடி நின்று, “இதை எங்கே வைக்கிறேன்? என்ன பெயர் இடுகிறேன்?” என்று எண்ணிப் பாருங்கள். குழுப்பணியில் அக்கோப்பை உங்கள் நண்பரும் திறக்க நேரிடும். நீங்கள் அருகில் இல்லாதபோதும் அவர் அதனை எளிதில் கண்டுபிடிக்க முடிந்தால், உங்கள் கோப்புறைகள் நன்கு அமைந்துள்ளன என்று கூறலாம்.