வீட்டு வேலைத்தளத்துக்கு ஸ்பிரே கன்: வாங்குமுன் கணக்குப் பாருங்கள்

தளபாடம், கதவு, ஜன்னல் செய்யும் எமது சகோதரர்களில் பலர் வீட்டின் பின்புறத்தில் ஒரு கொட்டிலைப் போட்டுத்தான் தொழிலை ஆரம்பிக்கின்றனர். மரம் அறுப்பதும் பொருத்துவதும் அங்கேயே நடக்கும். பொலிஷ், பெயின்ட் வேலைக்கு மட்டும் பொருளை லொறியில் ஏற்றி வேறொருவரிடம் அனுப்புவார்கள். ஏற்றுகூலி, இறக்குகூலி, வழியில் படும் கீறல், சொன்ன தினத்தில் கொடுக்க முடியாமல் வாடிக்கையாளரிடம் வாங்கும் ஏச்சு என்று இதில் போகும் நட்டம் பல வகை. "நாமே ஒரு ஸ்பிரே மெஷின் வாங்கினால் என்ன?" என்ற கேள்வி இங்குதான் எழுகின்றது.

இப்படிக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். மாதத்துக்கு எத்தனை உருப்படி வெளியே போகின்றது? அதற்குக் கொடுக்கும் மொத்தக் கூலியைக் கொப்பியில் எழுதுங்கள். அதிலிருந்து பெயின்ட், தின்னர், மின்சாரம், உங்கள் சொந்த நேரத்துக்கான கூலி ஆகியவற்றைக் கழியுங்கள். மிஞ்சும் தொகை ஒரு வருடத்துக்குள் கருவியின் விலையைத் திருப்பித் தருமாயின் வாங்கலாம். தராதாயின் தூரிகையும் பஞ்சுமே போதும். சொந்த நேரத்துக்குக் கூலி போடாமல் கணக்குப் பார்ப்பது எம்மவர்களிடம் உள்ள பழைய பழக்கம்.

சந்தையில் பிரதானமாக நான்கு வகைகள் உள்ளன. கையில் பிடிக்கும் மின்சார ஸ்பிரே விலை குறைந்தது. வேலி, கதவு, சுவர் போன்றவற்றுக்குச் சரி. ஆனால் அலுமாரிக் கதவில் கண்ணாடி போன்ற மினுமினுப்பை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. அத்துடன் எளிதில் தீப்பற்றும் தின்னருக்குப் பாவிக்க வேண்டாம் என்று பல கருவிகளின் கைந்நூலிலேயே எழுதப்பட்டிருக்கும். அதை வாசிப்பவர்கள் குறைவு. இரண்டாவது எயார்லெஸ். காற்று இல்லாமல் பெயின்ட்டையே 2000 பி.எஸ்.ஐ. அல்லது அதற்கு மேற்பட்ட அமுக்கத்தில் தள்ளும். கட்டட ஒப்பந்தக்காரருக்கு நல்லது, தளபாடக்காரருக்குத் தேவையில்லை. அதன் நுனியில் விரலை வைத்தால் பெயின்ட் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சிறிய காயம் போலத் தெரிந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டிய காயம் அது.

மற்றைய இரண்டும் கொம்பிரசரில் இயங்குபவை. பழைய வகைக் கன் பெயின்ட்டை வேகமாக அடிக்கும், ஆனால் பெரும்பகுதி புகையாகப் பறந்துவிடும். எச்.வி.எல்.பி. என்பது காற்று அதிகம், அமுக்கம் குறைவு என்ற முறையில் வேலை செய்யும். கன்னின் வாயில் 10 பி.எஸ்.ஐ.க்கு மேல் அமுக்கம் இராது. சரியாகப் பாவித்தால் அடிக்கும் பெயின்ட்டில் 65 வீதமளவு மரத்தில் ஒட்டும். பழைய வகையில் 30 வீதம் ஒட்டினாலே பெரிது. அதாவது மரத்தில் ஒரு லீற்றர் சேர வேண்டுமாயின் பழைய கன்னுக்கு மூன்று லீற்றருக்கு மேல் தேவை, எச்.வி.எல்.பி.க்கு ஒன்றரை லீற்றர் போதும். லெக்கர் விற்கும் விலையில் இந்த வித்தியாசம் சில மாதங்களில் கன்னின் விலையையே மீட்டுத் தரும்.

ஆனால் இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். எச்.வி.எல்.பி. கன் ஒன்று நிமிடத்துக்கு 8 முதல் 15 கன அடி வரை காற்றுக் குடிக்கும். 2 குதிரைவலுக் கொம்பிரசர் உண்மையில் கொடுப்பது 6 அல்லது 7 கன அடிதான். பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெரிய எண், பிஸ்டன் இழுக்கும் காற்றின் அளவு. வெளியே வருவது அதைவிடக் குறைவு. ஆகவே சிறிய கொம்பிரசர் வைத்திருப்பவர் குறைந்த காற்றில் இயங்கும் எல்.வி.எல்.பி. வகைக் கன்னை வாங்குவதே புத்தி. அது 4 முதல் 6 கன அடியுடன் வேலை செய்யும். கன்னை முதலில் தெரிவுசெய்து, அதன் காற்றுத் தேவையைப் பார்த்த பின்னரே கொம்பிரசருக்குப் போக வேண்டும்.

பழைய சோனகத் தெருவில் புதியது வாங்கினாலும் சரி, பஞ்சிகாவத்தையில் பாவித்தது வாங்கினாலும் சரி, கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். தொட்டியின் கொள்ளளவு 100 லீற்றர் என்று வைப்போம். வெளிவாயை மூடிவிட்டு மோட்டாரைப் போடுங்கள். கேஜ் 4 பாரிலிருந்து 7 பாருக்கு ஏற எடுக்கும் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பாருங்கள். ஒன்றரை நிமிடம் எடுத்தால், 100ஐ 3ஆல் பெருக்கி ஒன்றரையால் பிரியுங்கள். நிமிடத்துக்கு 200 லீற்றர், அதாவது ஏறத்தாழ 7 கன அடி. விற்பவர் சொல்லும் எண் இதற்கு வெகுதூரம் மேலே இருந்தால் விலை பேச உங்களுக்கு இடமுண்டு. பாவித்த தொட்டியாயின் அடியிலுள்ள குழாயைத் திறந்து பாருங்கள். செம்மண் நிறத்தில் துரு கலந்த நீர் கொட்டினால் அதை விட்டு விலகிவிடுங்கள். பாதுகாப்பு வால்வை ஆணியாலோ வெல்டிங்காலோ அடைத்திருந்தால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

பணம் போதாதென்று வட்டிக் கடனில் பெரிய கொம்பிரசர் எடுப்பதைவிட, கையிலுள்ள பணத்துக்குள் அடங்கும் கருவியுடன் ஆரம்பிப்பதே என் கருத்து. பெரியது கட்டாயமாயின் முராபஹா முறை உண்டு. நிறுவனம் பொருளைத் தான் வாங்கி, அடக்க விலையையும் தன் இலாபத்தையும் சொல்லி எமக்குத் தவணையில் விற்கும். அது பொருளை உண்மையில் தன் உரித்தாக்கிய பிறகுதான் விற்கின்றதா என்பதைப் பத்திரத்தில் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

இனி, பொருத்தும் விதம். கொம்பிரசரைக் கொட்டிலுக்கு வெளியே, மழை படாத இடத்தில் வையுங்கள். தின்னர் ஆவி காற்றைவிடப் பாரமானது, தரையோடு ஊர்ந்து வரும். மோட்டாரின் சுவிட்சில் ஒரு பொறி போதும். சமையலறையும் காஸ் அடுப்பும் பக்கத்துச் சுவரில் இருக்கும் வீடுகளில் ஸ்பிரே அடிக்கவே வேண்டாம் என்பேன். அதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. ஆவியை வெளியேற்ற சாதாரண மின்விசிறியை வெளிநோக்கி வைப்பதும் ஆபத்தானது, ஆவி அதன் மோட்டார் ஊடாகப் போகும். எதிர்ப்பக்கத்திலிருந்து புதுக் காற்றை உள்ளே ஊதச் செய்து, மறுபக்கம் தரைமட்டத்தில் திறந்த வழி விடுங்கள்.

2 குதிரைவலு மோட்டார் ஓடும்போது 9, 10 அம்பியர் எடுக்கும். ஆரம்பிக்கும் கணத்தில் அதைப்போல் பல மடங்கு எடுக்கும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் 20 மீற்றர் இழுத்தால் வோல்ட் குறைந்து மோட்டார் சூடேறி எரியும். வயரைக் குட்டையாக வைத்துக் காற்று ஹோஸை நீளமாக்குங்கள். ஹோஸின் உள்விட்டம் 3/8 அங்குலம் இருக்கட்டும்.

நீர் பிரிக்கும் கருவியைப் பலர் கொம்பிரசரின் வாயிலேயே பூட்டுகின்றனர். அங்கே காற்று சூடாக இருக்கும், நீர் ஆவியாகவே தாண்டிப் போய்விடும். ஏழெட்டு மீற்றர் குழாயில் ஓடிக் குளிர்ந்த பிறகு பூட்டினால்தான் நீர் பிடிபடும். தொட்டியின் நீரைத் தினமும் திறந்துவிட வேண்டும். இதெல்லாம் செய்தும் மழைக்காலத்தில் லெக்கர் வெள்ளை பூக்கும். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதே காரணம். வடகீழ்ப் பருவமழை மாதங்களில் கல்முனை, காத்தான்குடிப் பக்கத்துச் சகோதரர்கள் வெயில் ஏறிய பிறகு அடிப்பதே நல்லது.

லெக்கர், வார்னிஷுக்கு 1.3 அல்லது 1.4 மில்லிமீற்றர் நொசில், தடித்த அடிப்பூச்சுக்கு 1.8. அமுக்கத்தை ட்ரிகரை அழுத்தியபடியே கேஜில் பாருங்கள். முதலில் அட்டையில் அடித்துப் பாருங்கள். நடுவில் தடித்தால் பெயின்ட் கட்டி அல்லது அமுக்கம் போதாது. இரு முனையும் தடித்தால் அமுக்கம் கூட. ஒரு பக்கம் மட்டும் தடித்தால் முன்மூடியை அரைச்சுற்றுத் திருப்பி மீண்டும் அடியுங்கள். குறையும் சேர்ந்து திரும்பினால் அடைப்பு மூடியில், திரும்பாவிட்டால் நொசிலில். கன்னை ஒரு சாண் தூரத்தில், பலகைக்கு நேராகப் பிடித்து, ஒவ்வொரு வரியும் முன்னைய வரியின் பாதியை மூடும்படி அடிக்க வேண்டும். தூரம் கூடினால் தோடம்பழத் தோல் போலச் சொரசொரப்பாகும், குறைந்தால் வடியும்.

முகத்துக்குத் துணி மாஸ்க்கோ, கொவிட் காலத்தில் வாங்கி மிஞ்சிய மாஸ்க்கோ ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி கொண்ட மாஸ்க் தேவை. ஹார்ட்னர் கலக்கும் இரு கூற்று பொலியுரேதேன் பெயின்ட்டில் ஐசோசயனேட் உண்டு, அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும். பிள்ளைகள் உள்ள வீட்டில் அதை அடிக்காதீர்கள், அந்த வேலையை வெளியே கொடுங்கள்.

ஸ்பிரே வந்ததும் ஒரு சோதனையும் சேர்ந்து வரும். வெடித்த பலகை, பூச்சி அரித்த கால், பொருந்தாத மூட்டு எல்லாவற்றையும் புட்டி போட்டு மூடி, மேலே மினுமினுப்பாக அடித்து விற்க இலகு. நனைந்த தானியத்தை அடியில் மறைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் எமக்குத் தெரிந்ததே. புட்டி போடுவது தவறல்ல, அதைச் சொல்லாமல் முதல்தர மரத்தின் விலையைக் கேட்பதுதான் பிரச்சினை.

வேலை முடிந்ததும் கன்னை அன்றே கழுவுங்கள். கோப்பையில் சிறிது தின்னர் ஊற்றி, தெளிவாக வரும்வரை பழைய டின்னுக்குள் அடியுங்கள். முழுக் கன்னையும் தின்னரில் ஊறப்போட்டால் உள்ளிருக்கும் வாஷர்கள் கெடும். நொசில் துவாரத்தைக் கம்பியால் குத்தினால் அது பெருத்து வடிவம் கெட்டுவிடும், தென்னை ஈர்க்குப் போதும். தின்னர், எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்து வைக்காமல் வெளியே விரித்துக் காயப் போடுங்கள். லின்சீட் எண்ணெய்த் துணி குவியலாகக் கிடந்தால் நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும்.